அரை டம்ளர் டீ

அந்த வீட்டில் டீ எப்படி ஊற்றுவார்கள் என்பது எனக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும். பெரிய டம்ளரில் பாதி. அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. தெரிந்ததை வெளியில் சொல்லாமல் இருந்தேன் என்பதுதான் இந்தக் கதையில் என் பங்கு. பெருமைப்பட்டுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். எரிந்துபோன தண்ணீர் மோட்டார், மின்விசிறி, மிக்ஸி என்று எல்லாம் வரும். கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றுவேன். அப்புறம் வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மழைக்காலத்தில் மோட்டார்கள் வரிசையாக எரியும். அப்போது என் மனைவிகூடக் கடைப் பக்கம் வர மாட்டாள்.

பக்கத்துக் கடை சலூன். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே கத்தரி சத்தம் நின்றால் எனக்குத் தெரியும். இங்கே கம்பி அறுந்து நான் திட்டினால் அங்கே சிரிப்பார்கள். சலூன்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். அவர்களுடைய ஒரே மகளுக்கு நான் சித்தப்பா.

தெருவில் அவளுக்குப் பட்டப்பெயர் கத்தரி. நாலு வயதில் கடைக் காலண்டரில் இருந்த அத்தனை பேருக்கும் முடி வெட்டிவிட்டவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துடைப்பத்தை எடுத்துத் தரையில் கிடக்கும் முடியைக் கூட்டுவாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பலூன் ஊதி, அதன் மேல் சோப்பு நுரை தடவி, சவரக் கத்தியால் மழிப்பாள். நுரை மட்டும் வர வேண்டும், பலூன் வெடிக்கக் கூடாது. தொழில் பழகுகிறவர்கள் அப்படித்தான் பழகுவார்களாம். அண்ணன் சொல்லிக்கொடுக்கவில்லை, "இது எதுக்கு உனக்கு, போய்ப் படி" என்று விரட்டுவார். பார்த்தே பிடித்துக்கொண்டாள். பத்துப் பலூனில் ஒன்றுகூட வெடிக்காது.

அண்ணனுக்குக் கைராசி என்று பேர். கல்யாண மாப்பிள்ளைகள் அவரிடம்தான் வருவார்கள். வேலைக்கு நேர்காணல் போகிறவன் அவர் கையால் முகம் மழித்துக்கொண்டு போனால் கிடைக்கும் என்று நம்பினார்கள். கிடைக்காதவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவருக்கு நாற்பத்து நாலு வயதிருக்கும். ஒரு நாள் காலை, கடை திறக்கும் முன்னால், சுவருக்கு அந்தப் பக்கம் டப் என்று பலூன் வெடிக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிள்ளை விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பிள்ளை அப்போது புத்தகப்பையோடு என் கடை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள யாரும்மா?" என்றேன்.

"அப்பா" என்றாள்.

மோட்டார் உடம்பின் மேல் உள்ளங்கையை வைத்தாலே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது, கைக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் அண்ணன் என் தோளில் கை போட்டுப் பேசியபோது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அவரிடம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது, சொல்லுங்கள். சவரக் கத்தி பிடிக்கிறவனிடம் கை ஆடுதா என்று கேட்பது அவன் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி அரை டம்ளர் டீ கொண்டுவர ஆரம்பித்தாள். முன்பெல்லாம் சின்ன டம்ளரில் தளும்பத் தளும்ப வரும். இப்போது பெரிய டம்ளர், பாதி டீ. ஆடினாலும் சிந்தாது. அண்ணனும் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, "கத்தி எடுத்தா நின்னுடும்" என்று சொல்வார். யாரும் கேட்காமலே சொல்வார்.

போஸ்ட்மாஸ்டருக்கு வாரம் மூன்று சவரம். நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சீட்டி அடிக்க ஆரம்பிப்பார். கடிதம் பிரிக்கும்போதும் அதே சீட்டிதான். கத்தி கன்னத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டுக் கல் மாதிரி உட்காருவார். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். மின்சாரம் போய்விட்டதால் நான் வேலையை நிறுத்திவிட்டு சலூன் பெஞ்சில் பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பதினாலு வயது.

கத்தி தாடை எலும்புக்குக் கீழே போனதை நான் பார்த்தேன். வெள்ளை நுரை சிவப்பாவதற்கு நேரமே ஆகவில்லை. அண்ணன் கத்தியைப் பிடித்தபடியே நின்றார், கை அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் துண்டை நாலாக மடித்து அழுத்திப் பிடித்தது அந்தப் பிள்ளைதான். வாசலில் ஆள் கூடிவிட்டது. "என்னாச்சு, என்னாச்சு" என்றார்கள்.

"அவர் அசைஞ்சுட்டார்" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெஞ்சில் இருந்த பெரியவன் நான் ஒருவன்தான்.

"ஆமா. அசைஞ்சுட்டார்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல். டாக்டர் விரட்டியும் போகாமல் அவள் கட்டில் ஓரத்தில் நின்று ஏழையும் பார்த்தாள். போஸ்ட்மாஸ்டர் பிழைத்துக்கொண்டார். ஆனால் உதட்டுக்குப் போகும் நரம்பு அறுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, சீட்டி போயிற்று. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "நான்தான் அசைஞ்சுட்டேன். தும்மல் வந்திருக்கும்" என்று கோணல் வாயோடு சாகும்வரை எல்லோரிடமும் சொன்னார். நாங்கள் சொன்ன பொய்யை அவர் நிஜமென்று நம்பினார். என் கடை வாசலில் நின்று என்னிடமே ஒரு முறை சொன்னார். நான் சுற்று எண்ணுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணன் அதற்குப் பிறகு கத்தியைத் தொடவில்லை. கொஞ்ச காலம் மெஷினால் முடி மட்டும் வெட்டினார், பிறகு கடையை மூடினார். நாலு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அண்ணி வீட்டில் துணி தைத்தாள். மகள் படித்தாள். எப்படிப் படித்தாள் என்று ஊரில் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். எனக்குத் தெரிந்தது இதுதான்: மருத்துவக் கல்லூரி லீவில் வரும்போதெல்லாம் என் கடைக்கு வந்து, கழித்துப்போட்ட செம்புக் கம்பியை எடுத்து மேஜைக் காலில் ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டுப் பழகுவாள். இடது கை, வலது கை, கண்ணை மூடிக்கொண்டு. சில நாள் முந்நூறு முடிச்சுக்கு மேல் போகும்.

"இது எதுக்கும்மா இத்தனை?"

"கை நிக்கணும் சித்தப்பா" என்பாள்.

அந்த முடிச்சுகள் இன்னும் அந்த மேஜைக் காலில் பச்சை பூத்துக் கிடக்கின்றன. அவள் அறுவை சிகிச்சை படித்து, கழுத்துக் கட்டிகளுக்கென்றே பேர் வாங்கி, பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அப்பனுக்குச் சொன்ன அதே வார்த்தையை ஜனங்கள் மகளுக்கும் சொன்னார்கள். கைராசி.

போன வருஷம் என் தொண்டையில் ஒரு கட்டி. சட்டைப் பட்டன் போட முடியாமல் போன பிறகுதான் கவனித்தேன். ஸ்கேன், ஊசி குத்திப் பரிசோதனை எல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காகிதங்களோடு அவள் வீட்டுக்குப் போனேன். "வேற யார்கிட்டயோ போய் நிக்கணுமா என்ன. நம்ம பொண்ணு கை" என்று என் மனைவி சொல்லி அனுப்பினாள். வானம் மூடிக் கிடந்தது, வெயிலும் இல்லை மழையும் இல்லை, வேர்த்துக் கொட்டியது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாடியில் டப் என்று ஒரு சத்தம். அண்ணாந்து மாடியைப் பார்த்தேன்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க" என்றாள் அண்ணி, நான் கேட்கும் முன்பே. "உள்ள வாங்க தம்பி. கட்டி ரொம்பப் பெருசாயிடுச்சா?"

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்ததை வரும்போது பார்த்திருந்தேன்.

அவள் மாடியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். நாற்பத்திரண்டு வயது, காதோரம் நரை. சிரித்தால் மட்டும் பழைய கத்தரி. என்னை முக்காலியில் உட்கார வைத்துப் பின்னால் நின்று, இரண்டு கை விரல்களையும் என் தொண்டையில் வைத்தாள்.

"எச்சில் முழுங்குங்க சித்தப்பா. இன்னொரு தடவை."

முழுங்கினேன். அப்போது தெரிந்தது. வலது கை விரல்களில், ரொம்ப லேசாக, விடாமல் ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் நான் மோட்டார் மேல் கை வைத்தேன். இன்றைக்கு நான்தான் மோட்டார்.

"இப்போதைக்குப் பயமில்ல. ஆனா விட்டு வைக்கக் கூடாது. புதன்கிழமை எடுத்துடலாம்" என்றாள்.

"கஷ்டமான வேலையா?"

"குரலுக்குப் போற நரம்பு கட்டிக்குப் பின்னாடியே ஓடுது. நூல் கனம்தான் இருக்கும். அதைத் தொடாம எடுக்கணும்."

"தொட்டா?"

"குரல் போயிடும்" என்றாள். விரல்களை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைப்பதுபோல் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

அண்ணி டீ கொண்டுவந்தாள். எனக்குச் சின்ன டம்ளரில் விளிம்பு வரைக்கும். மகளுக்குப் பெரிய டம்ளர். நான் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்தாள்.

அவள் போனில் பேச எழுந்து போனதும் டம்ளரைக் கொடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து அண்ணி?"

"எது?"

"அரை டம்ளர்."

"பால் கொஞ்சமாத்தான் இருந்துச்சு."

"எனக்கு நிறைய ஊத்தினீங்களே."

குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்துக்குள் பேசினாள். "போன மழைக்காலத்துலேர்ந்து."

"அவகிட்டப் பேசினீங்களா?"

"என்னத்தப் பேசறது? கை அவளோடது, அவளுக்குத் தெரியாதா. நான் பாதி ஊத்தறேன், அவ குடிக்கறா. ஏதோ மாத்திரை சாப்பிடறா போல, டப்பால பேரைக் கிழிச்சு வெச்சிருக்கா. நான் கேக்கல."

"ஆபரேஷன் பண்றாளே அண்ணி."

"கத்தி எடுத்தா நின்னுடும்."

"அவ சொன்னாளா?"

"அவங்கப்பாவுக்கு நின்னுச்சுல்ல?"

"நிக்கல" என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை முதல் தடவையாகச் சொன்னேன்.

அண்ணி குழாயை மூடினாள். ஈரக் கையோடு திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். கோபமில்லை. அவளுக்கு வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

"நீங்கதானே தம்பி அன்னைக்குச் சொன்னீங்க, அவர் அசைஞ்சுட்டார்னு?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன."

டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். புதன்கிழமை வரைக்கும் நான் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அந்த வீட்டின் அடுப்பு இரண்டாவது தடவையும் அணையும். சொல்லாமல் போனால் என் குரல் போகும். குரல் போனால் என்ன, காயில் கட்டக் குரல் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு மின்விசிறிக்குச் சுற்றிக்கொண்டிருந்தபோது எண்ணிக்கை தவறியது. முதலிலிருந்து சுற்றினேன், திரும்பவும் தவறியது. கடையைச் சாத்திவிட்டேன்.

புதன்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மனைவியைக் கீழே உட்கார வைத்துவிட்டு என்னை மூன்றாவது மாடி வார்டில் படுக்க வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. என் கழுத்தில் நீல மையால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

பக்கத்துக் கட்டில்காரர் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். ஆள் நல்ல வாட்டசாட்டம். கழுத்தில் சின்னக் கட்டு. போன வாரம் இதே ஆபரேஷன், குரல் திரும்புகிறதா என்று பார்ப்பதற்காக வைத்திருக்கிறார்கள். அவர் பேசியதைக் கேட்க நான் கட்டில் ஓரத்துக்கு நகர வேண்டியிருந்தது. காற்றுதான் அதிகம், வார்த்தை கொஞ்சம்.

"பயப்படாதீங்க. ராசியான கை" என்றார்.

"உங்களுக்குக் குரல் இப்படித்தான் வருதா?"

"என் தப்புங்க அது." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆபரேஷன் நேரத்துல நான் அசைஞ்சுட்டேனாம். சிஸ்டர் சொன்னாங்க."

"மயக்கம் குடுத்திருந்தாங்கல்ல?"

"குடுத்தாங்க. ஒண்ணுமே தெரியல."

"அப்புறம் எப்படிங்க அசைவீங்க?"

"தூக்கத்துல புரள மாட்டோமா. அது மாதிரி இருக்கும்." வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "சந்தையில தெருக்கோடி வரைக்கும் கேக்கும் நம்ம சத்தம். இப்ப மச்சான்தான் ஏலம் விடறான். சரியாயிடும்னு சொல்றாங்க. டாக்டரம்மா பாவம், தினம் வந்து பாக்கறாங்க. என்னால அவங்களுக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாது."

அந்த மனுஷனுக்கு அந்த நேரத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. போஸ்ட்மாஸ்டர் என் கடை வாசலில் நின்ற மாதிரி அவர் படுத்திருந்தார், நான் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டேன்.

எட்டு மணிக்கு அவள் வந்தாள். பச்சை உடை, தலையில் தொப்பி. கூடவே வயதான சிஸ்டர், கையில் பிளாஸ்க்கும் ஒரு பெரிய டம்ளரும். பத்து வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் அவளோடு கூட நிற்கிறவராம். என் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் டம்ளரை வைத்து டீ ஊற்றினார். பாதிக்கு வந்ததும் பிளாஸ்க்கை நிமிர்த்தினார். யோசிக்கவே இல்லை, பழகிய கை.

"தூங்கினீங்களா சித்தப்பா?" என்றாள் அவள், என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்துக்கொண்டே. "முக்கால் மணி நேரத்துல முடிஞ்சுடும். சாயங்காலம் சித்திகிட்டப் பேசலாம்."

வராந்தாவில் யாரோ சிஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் போனதும் நான் எழுந்து உட்கார்ந்தேன். பிளாஸ்க்கைத் திறந்து அந்தப் பெரிய டம்ளரில் மிச்ச டீயை ஊற்றினேன். விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். என் கை அன்றைக்கு ஆடவே இல்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. டம்ளரைத் தூக்கி அவளிடம் நீட்டினேன்.

"இதைக் குடிச்சுட்டுப் போம்மா."

அவள் நிமிர்ந்தாள். டம்ளரைப் பார்த்தாள்.

"நிறைய இருக்கு சித்தப்பா."

"டம்ளர்னா நிறையத்தானே இருக்கணும்."

"அங்க வைங்க. ஆறட்டும்."

"ஆறிடுச்சு. கையில வாங்கு."

வாங்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏன் இப்படிப் பண்றீங்க?"

"அன்னைக்கு அவர் அசையலம்மா" என்றேன். "நான் பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கல்லு மாதிரி உக்காந்திருந்தார்."

"தெரியும். நான்தானே முதல்ல சொன்னேன்."

"நீ சின்னப் பொண்ணு, பயத்துல சொன்னே. நான் சொன்னதாலதான் அந்தப் பொய் நின்னுச்சு. நீ வாங்கிக் குடி. குடிச்சிட்டியானா வாயைத் திறக்காம வந்து படுத்துக்கறேன்."

அவள் முகத்தில் பதினாலு வயது தெரிந்தது. கையை நீட்டினாள். ஒரு கையைத்தான் நீட்டினாள், வலது கையை. என்னிடமிருந்து டம்ளர் அவளிடம் போனது. முதலில் விளிம்பில் வழிந்தது. அவள் பல்லைக் கடித்து அழுத்திப் பிடித்தாள், அழுத்தியதும் இன்னும் ஆடியது. டீ என் சட்டையிலும் படுக்கையிலும் அவள் பச்சை உடையிலும் சிந்தியது. டம்ளர் தரையில் விழுந்து உருண்டது.

சத்தம் கேட்டு சிஸ்டர் ஓடி வந்தார். தரையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து நாலாக மடித்துக்கொண்டே வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஒண்ணுமில்ல டாக்டர். அவர் அசைஞ்சுட்டார்."

அவள் தன் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறைக்கவில்லை.

"இல்ல சிஸ்டர். அவர் அசையல" என்றாள். "இன்னைக்கு என் பேர்ல இருக்கற ஆபரேஷன் எல்லாத்தையும் நிறுத்திடுங்க. பெரிய டாக்டரை வரச் சொல்லுங்க."

சிஸ்டர் துண்டோடு அப்படியே நின்றார். அவள் எழுந்து முக்காலியை இழுத்துப் பக்கத்துக் கட்டிலுக்கு அருகே போட்டு உட்கார்ந்தாள். ஏலக்காரர் அவசரமாக எழுந்து உட்காரப் பார்த்தார். அவரை அமர்த்திவிட்டு, ஆடும் கையை அவர் பார்க்கும்படி கட்டில் மேல் வைத்தாள்.

"ஐயா, நீங்களும் அசையல" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்து ஏதோ கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். பக்கத்திலேயே இருந்த எனக்கு அதில் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை.